கடலோர ஊரில் சுகாதார ஆய்வு: பல்கலைக்கழக ஆய்வு மையங்களுக்கு ஒரு செய்முறை

இராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு மீனவர் குடியிருப்பின் உடல்நிலையைச் சொல்ல முடியாது. சராசரியில் பரமக்குடி கடைவீதியும் இருக்கிறது, கீழக்கரை மாடிவீடும் இருக்கிறது, சின்னப்பாலத்துக் கீற்றுக்கொட்டகையும் இருக்கிறது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வரும் எண்ணில் யாருமே குடியிருப்பதில்லை.

மத்திய அரசு 2018-இல் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டுதான்: இராமநாதபுரமும் விருதுநகரும். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. ஆக, இந்தக் கரைக்கு ஆராய்ச்சி புதிதல்ல. மீனின் வயிற்றில் முட்டை எத்தனை என்று முக்கால் நூற்றாண்டாக எண்ணிவருகிறோம். அதைப் பிடிக்கிறவரின் ரத்த அழுத்தத்தையும் அதே பொறுமையோடு எண்ண வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்கான குறிப்பு இது. சமுதாய மருத்துவம், செவிலியம், சமூகப்பணி, கடலியல் என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும் பயன்படும்.

எந்தக் கேள்வியை எடுப்பது

'மீனவர்களின் உடல்நிலை குறித்த ஓர் ஆய்வு' என்று தலைப்பு வைத்தால் அது அலமாரிக்குத்தான் போகும். பதில் கிடைத்தால் மறுநாள் யார் எதை மாற்றுவார் என்று ஒரே வரியில் சொல்ல முடிகிற கேள்விதான் எடுக்கத் தக்கது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சானடோரியம் எனப்பட்ட காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்துக் கொடுக்கும் மருந்தை வீட்டிலேயே சாப்பிட்டால் குணமாகுமா என்று கேட்டார்கள். நெருக்கமான குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானது. 1959-இல் முடிவு வெளிவந்தபின் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை ஏழையின் வீட்டுக்கு வந்தது. அண்மைக்கால எடுத்துக்காட்டு, 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதில் மாநில அரசோடு சேர்ந்து வேலை செய்தது. உடல் எடைக் குறியீடு, காலில் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். எக்ஸ்ரேயும் ஆய்வகமும் இல்லாமல், யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று ஊழியரே முடிவெடுக்கலாம். இரண்டிலும் ஆராய்ச்சி, பெரிய ஆஸ்பத்திரிக்குள் அடைந்து கிடந்த ஒன்றை வெளியே எடுத்துக் கொடுத்தது.

இந்தக் கரைக்குப் பொருந்தும் கேள்விகள் சில: கடலில் இரண்டு மூன்று நாள் தங்கித் தொழில் செய்பவர் பி.பி. மாத்திரையை எத்தனை நாள் விடுகிறார், ஏன்? உப்புத்தண்ணீர் ஊற்றை நம்பியிருக்கும் தெருவில் ரத்த அழுத்தம் கூடுதலா? கடல்பாசி எடுக்கும் பெண்களின் கை கால் வெட்டுக்காயத்துக்கு எங்கே மருந்து கிடைக்கிறது? இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலி வந்தால் எத்தனை நிமிடத்தில் மருத்துவர் கை படும்? கடைசிக் கேள்வியைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். வீட்டார் முடிவெடுக்க ஆகும் நேரம், வண்டி வந்து போய்ச்சேர ஆகும் நேரம், ஆஸ்பத்திரியில் கவனிக்கப்பட ஆகும் நேரம் மூன்றையும் தனித்தனியாக நிமிடக் கணக்கில் எழுதுங்கள். மூன்றில் எது நீளமோ அங்கேதான் வேலை இருக்கிறது.

அனுமதி: எதற்குப் பின் எது

ஊரில் பேசுவது முதலில். அதன்பின் ஆய்வுத் திட்டம், பின் நெறிமுறைக் குழு (மனிதர்களிடம் செய்யும் ஆய்வு முறையானதா என்று பார்த்து ஒப்புதல் தரும் குழு), பின் பொது சுகாதாரத் துறை இயக்குநரகம், கடைசியாக மாவட்ட நிர்வாகம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த கேள்வித்தாளோடு ஊருக்குப் போனால், ஊர்க்காரர் சொல்லும் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் மறுபடி குழுவுக்கு ஓட வேண்டும். அலுத்துப்போய்த் திருத்தத்தையே விட்டுவிடுவார்கள்.

நெறிமுறைக் குழு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி இருக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக ஐந்து பேராவது அமர வேண்டும். தலைவர் வெளி நிறுவனத்தவராக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணமோ கூட்டோ இருந்தால் டெல்லியில் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும். அதற்கான மாதங்களைக் கால அட்டவணையில் முதலிலேயே ஒதுக்குங்கள்.

உள்ளூர்ச் சிக்கல்கள் மூன்று. இந்த வருவாய் மாவட்டத்தில் சுகாதார மாவட்டம் இரண்டு: இராமநாதபுரம், பரமக்குடி. உங்கள் ஊர் எதில் வருகிறது என்று கேட்டுவிட்டுக் கடிதம் எழுதுங்கள். தப்பான மேசைக்குப் போன கடிதம் திரும்பி வராது. மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குள் போக மறுவாழ்வுத் துறையின் தனி அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பாசி எடுக்கப் போகும் பெண்களோடு படகில் ஏறித் தீவுப்பக்கம் போய் அவதானிக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டால், வனத்துறை அனுமதி இல்லாமல் அது நடக்காது. அதைவிட முக்கியம், நீங்கள் எடுக்கும் புகைப்படம் அந்தப் பெண்களுக்கே வழக்காகத் திரும்பலாம். கரையிலேயே பேசுங்கள்.

ஊரோடு உட்காருவது

ஆலோசனைக் குழு ஒன்று வேண்டும். பதினொரு பேர் போதும். ஊர்த்தலைவர், பங்குத்தந்தை, ஜமாஅத் பொறுப்பாளர், சம்மாட்டி (படகு முதலாளி) என்று நிரப்பினால் பதினொன்றும் ஆண்களாகவே முடியும். எனவே முதலில் பெண்களை எழுதுங்கள்: பாசி எடுப்பவர் இருவர், கருவாடு போடுபவர் ஒருவர், நண்டுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஒருவர், அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர். மீதி இடத்தில் பெரியவர்கள் உட்காரட்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருநாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். பேராசிரியருக்கு அமர்வுப்படி கொடுக்கும் நிதிவிதி, பாசிக்காரம்மாவுக்கும் கொடுக்க இடம் தரும். செலவுத் தலைப்பைச் சரியாக எழுதினால் போதும்.

குழுவுக்கு ஓர் அதிகாரமாவது நிஜமாக இருக்க வேண்டும்: பிடிக்காத கேள்வியை நீக்கும் அதிகாரம். அது இல்லாவிட்டால் டீ குடித்துக் கலையும் கூட்டம்தான்.

ஊர்த்தலைவர் சம்மதம் ஊரின் சம்மதம் ஆகாது. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி, ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைநாட்டு வாங்குங்கள். சாட்சி சம்மாட்டியாக இருந்தால், அவர் படகில் போகிறவர் 'வேண்டாம்' என்று சொல்லமாட்டார். வேறு ஆளைப் பாருங்கள். ஏழு வயதிலிருந்து பதினெட்டுக்குள் இருப்பவர் என்றால் பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். ஒப்புதல் தாளின் ஒரு படி அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

களப்பணியாளர்களை அதே ஊரிலிருந்து எடுங்கள். ஆனால் சொந்தத் தெருவில் வேலை கொடுக்காதீர்கள். கர்ப்பம் கலைந்ததையும் கணவன் குடிப்பதையும் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் சொல்லமாட்டார்கள்.

எத்தனை பேர், எந்தெந்த வீடு

கணக்கு இப்படிப் போகும். உயர் ரத்த அழுத்தம் 30 சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்று வைத்து, ஐந்து புள்ளி கூடக்குறைய இருக்கட்டும் என்றால் 323 பேர் வேண்டும். ஊர் ஊராகத் தொகுத்து எடுப்பதால் ஒன்றரை மடங்கு: 485. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று சேர்த்தால் 540. முப்பது குடியிருப்பு, ஒவ்வொன்றிலும் 18 பேர்.

இது மொத்தக் கடற்கரைக்கு ஒரே எண் சொல்லத்தான் போதும். சமநீதி ஆய்வுக்கு, அதாவது யார் பின்தங்கியிருக்கிறார் என்று பார்க்க, இரண்டு கூட்டத்தை ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் 30, இன்னொரு பக்கம் 40 சதவீதம் என்ற வித்தியாசத்தை 80 சதவீத உறுதியோடு பிடிக்க, ஒவ்வொரு பக்கமும் 356 பேர் வேண்டும். ஒன்றரை மடங்கில் 534. இந்த இடத்தில்தான் பெரும்பாலான முதுகலை ஆய்வேடுகள் விழுகின்றன. 300 பேரை எடுத்து, அதை ஆறு தொழிலாகப் பிரித்து, 'வேறுபாடு இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். வேறுபாடு இல்லை என்பதும், பார்க்கும் அளவுக்கு ஆள் இல்லை என்பதும் ஒன்றல்ல.

குடியிருப்புப் பட்டியலுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மட்டும் நம்பாதீர்கள். அது வருவாய்க் கிராமமாகச் சொல்லும். கடற்கரையோரத் துண்டுக் குடியிருப்பு அதற்குள் மூழ்கிவிடும். 2005, 2010, 2016 கடல் மீனவர் கணக்கெடுப்பும் மீன்வளத் துறைப் பட்டியலும் கையில் இருக்கட்டும். அதிலும் உப்பளத் தொழிலாளர், முகாம்வாசிகள், மீன்பிடிக்காத ஏழைகள் விடுபடுவார்கள் என்பதால் இவற்றையும் மக்கள்தொகைப் பட்டியலையும் ஒட்டவைத்துப் பாருங்கள். வீட்டு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், மொத்தத்தை முப்பதால் வகுத்த இடைவெளியில், குலுக்கலில் வந்த எண்ணிலிருந்து தொடங்கி எடுத்தால், பெரிய ஊருக்கு அதற்கேற்ற வாய்ப்பு கிடைக்கும்.

ஊருக்குள் போனதும் பஸ் நிறுத்தத்திலிருந்து இடப்பக்கமாக வீடு பிடிப்பது பழைய பழக்கம். அதில் கடைசிவரை கடலோரக் கொட்டகை வராது. கோயிலைச் சுற்றியோ பள்ளிவாசலைச் சுற்றியோ கல்வீடுகள்தான் வரும். முதல்நாள் முழுக்க நடந்து வரைபடம் போடுங்கள். ஐம்பது வீட்டுக்கு ஒரு துண்டு என்று பிரித்து, துண்டைக் குலுக்கலில் எடுங்கள். 'வீடு' என்பதற்கு வரையறை: ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள். ஒரு கூரைக்கடியில் மூன்று உலை இருந்தால் மூன்று வீடு.

பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்த வீட்டை எடுக்கக் கூடாது. மூன்று முறை போக வேண்டும். அதில் ஒன்று விளக்கு வைத்த பிறகு, ஒன்று படகு போகாத நாளில். பூட்டிய வீட்டுக்காரர் கடலிலோ நண்டுக் கம்பெனியிலோ இருக்கிறார். நீங்கள் தேடி வந்ததே அவரைத்தான்.

காலண்டர்

பாக் ஜலசந்திப் பக்கம் இராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகுக்காரரைப் பார்க்க செவ்வாய் சாயங்காலமும் வெள்ளியும் நல்லது. படகு வந்து இறங்கிய காலையில் போனால் தூக்கத்தில் இருப்பார். முஸ்லிம் ஊர்களில் வெள்ளி மதியத்தையும், கிறித்தவ ஊர்களில் ஞாயிறு காலையையும் விடுங்கள். ரமலான் மாதத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவுக்கு அர்த்தமே வேறு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், கல்லூரியிலும் விடுமுறை. எனவே எல்லா ஆய்வும் அப்போதுதான் நடக்கிறது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் சாப்பாடு, கடன், குடி, தூக்கம் எல்லாம் வேறு. அப்போது எடுத்த அளவை ஆண்டு முழுமைக்கும் பேசக் கூடாது. பாதி மாதிரியைத் தடைக்காலத்திலும் பாதியை வாடைக்காற்று அடங்கியபின் தை, மாசியிலும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிடவாவது முடியும். பாசி எடுக்கும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்கள் வேலைநாட்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வித்தாளின் தமிழ்

ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த கேள்வித்தாள் இங்கே கவிழும் இடங்கள் தெரிந்தவைதான். 'நீங்கள் வேலை செய்கிறீர்களா?' என்றால் கருவாடு காயப்போட்டு விற்கிற பெண் 'இல்லைங்க, வீட்லதான்' என்பார். 'கையில காசு வர்ற மாதிரி என்னென்ன செய்றீங்க?' என்று கேட்டால் நாலு தொழில் வரும். 'மாத வருமானம்' என்றால் ஓர் எண் வரும், அது பொய்யாகவும் இருக்காது, மெய்யாகவும் இருக்காது. கடைசி மூன்று பாட்டுக்கு (கடலுக்குப் போய்வந்த மூன்று தடவைக்கு) எவ்வளவு பங்கு வந்தது, சம்மாட்டியிடம் முன்பணக் கடன் எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். 'தலைச்சுற்றல்' என்பதைவிட 'கிறுகிறுப்பு' புரியும். 'மூச்சுத்திணறல்' என்பதைவிட 'இளைப்பு', 'மூச்சு வாங்குறது'. மொழிபெயர்த்ததை வேறொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பார்ப்பது ஒரு சோதனை. ஊரில் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு, 'நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க' என்பது அதைவிட நல்ல சோதனை.

மனநலக் கேள்வி வைத்தால் கூடவே பொறுப்பும் வரும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்த கரை இது. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கும் தாளைக் கையில் எடுத்தால், 'ஆம்' என்று வந்த அன்றே அவரைப் பார்க்க ஒரு மருத்துவர் பெயரும் கைபேசி எண்ணும் களப்பணியாளரிடம் இருக்க வேண்டும். 14416 (டெலி மானஸ் மனநல உதவி எண்), 104 (சுகாதார உதவி எண்) இரண்டும் தாளின் அடியில் அச்சிடப்பட வேண்டும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

அளவெடுப்பு

ஒரு குழு இரண்டு பேர். ஒருவர் கட்டாயம் பெண். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து வீடு. அதற்குமேல் வந்தால் யாரோ திண்ணையில் உட்கார்ந்து நிரப்புகிறார்கள் என்று பொருள். பையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் பி.பி. கருவி இரண்டு, 22–32 செ.மீ., 32–42 செ.மீ. கைப்பட்டைகள், மெலிந்தவருக்குச் சிறிய பட்டை ஒன்று, அளவு நாடா, எடைக் கருவி, உயரக் கோல், மடக்கு நாற்காலி, இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை, மறைப்புக்கு ஒரு புடவை.

பலகை எதற்கு? மணல் தரையில் எடைக் கருவி வைத்தால் ஒரு கால் அமிழும், எடை தவறும். பலகையைப் போட்டு அதன்மேல் வையுங்கள். தினமும் காலையில் பத்துக் கிலோ படிக்கல் ஒன்றை வைத்துப் பார்த்து, நூறு கிராமுக்கு மேல் தவறினால் அன்றைக்கு மாற்றுக் கருவி. நாற்காலி எதற்கு? தரையில் சம்மணமிட்டு, முதுகு சாய இடமில்லாமல், கையைத் தொடைமேல் வைத்து எடுத்தால் பி.பி. கூடுதலாகவே காட்டும். நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கால்மேல் கால் போடாமல், கை இதய மட்டத்தில் ஏதாவதொன்றின் மேல் தாங்கி இருக்க வேண்டும்.

பாசி எடுத்துவிட்டு இப்போதுதான் கரையேறிய ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். புடவைக்கு மேல் ஆண்சட்டை, நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. விரல்களில் துணி சுற்றியிருக்கிறது, காலில் பாறை கிழித்த கோடு. காலையிலிருந்து ஒதுங்க இடமில்லாமல் சிறுநீரை அடக்கி வைத்திருக்கிறார். ஏறியதும் ஒரு டீ, கூடவே வெற்றிலை புகையிலை. இந்த நிலையில் கருவியைக் கட்டினால் வரும் எண் அவருடைய ரத்த அழுத்தம் ஆகாது. குளிரும், நிறைந்த சிறுநீர்ப்பையும், டீயும், புகையிலையும் தனித்தனியே அதை ஏற்றும். 'நாளைக்கு விடியக்காலையில, தண்ணிக்குப் போறதுக்கு முந்தி வரட்டுமா?' என்று கேளுங்கள். கரையிலேயே எடுத்தாக வேண்டும் என்றால் உலர்ந்த துணி மாற்றி, சிறுநீர் கழித்து, டீயும் புகையிலையும் முடிந்து அரைமணி நேரம் போகட்டும். பின் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும்.

ஈரச் சட்டையையோ இறுக்கமான ரவிக்கைக் கையையோ சுருட்டி மேலே ஏற்றக் கூடாது. அந்தச் சுருட்டலே கையை இறுக்கும். புடவையால் மறைப்புக் கட்டி, பெண் பணியாளர் மட்டும் உள்ளே இருந்து, வெறுங்கையில் பட்டையைக் கட்ட வேண்டும். கையின் சுற்றளவை நாடாவால் அளந்தபிறகே பட்டையைத் தேர்ந்தெடுங்கள். வலை இழுத்து முறுகிய கைக்கு நடுத்தரப் பட்டை சிறிதாகும்; சிறிய பட்டை இல்லாத பி.பி.யைக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை எடுத்து, முதலாவதை விட்டுக் கடைசி இரண்டின் சராசரியை எழுதுங்கள். 140/90 அல்லது அதற்குமேல் என்றால் வேறொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே நாள் அளவை வைத்து 'உங்களுக்கு பிரஷர்' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். 180/110-க்கு மேல் என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. கூடவே நெஞ்சுவலி, இளைப்பு, ஒருபக்கம் கை கால் வராமை, பேச்சுக் குழறல் இருந்தால் 108. கருவி திரும்பத் திரும்பப் பிழை காட்டினால் நாடித்துடிப்பு தாறுமாறாக இருக்கலாம். கையால் அளக்கும் கருவியோடு மருத்துவர் பார்க்கட்டும்.

சர்க்கரைப் பட்டைகள் 30 டிகிரிக்கு மேல் கெடும். சித்திரையில் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த டப்பா மதியத்துக்குள் வீண். ஆனாலும் எண் காட்டும், அதுதான் ஆபத்து. டப்பா திறந்த தேதியை மேலே எழுதுங்கள், மூடியை உடனே மூடுங்கள். கடற்காற்று ஈரம் பட்டையைத் தின்றுவிடும். விரலை ஸ்பிரிட்டால் மட்டும் துடைக்காமல், சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவி, முழுக்க உலர்த்தி, காயமில்லாத விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். சங்கு குளிப்பவர், வலை இழுப்பவர் விரல்தோல் தடித்திருக்கும். ஊசி ஆழத்தை ஒரு படி கூட்டினால் ஒரே குத்தில் முடியும். குத்திய ஊசி, துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள். மணலில் ஒன்று விழுந்தாலும் தேடி எடுக்காமல் நகரக் கூடாது. அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள்.

தண்ணீர்

உப்பும் ரத்த அழுத்தமும் பற்றிய ஆய்வானால் வீட்டுத் தண்ணீரையும் அளக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைத் தினமும் 1413 என்று குறித்த தரக் கரைசலில் சரிபாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. ஒரே வீட்டில் காவிரிக் குழாய், மணலில் தோண்டிய ஊற்று, விலைக்கு வாங்கிய கேன் மூன்றும் இருக்கும். குடிப்பது எது, உலைக்கு எது, மீன் கழுவ எது என்று தனித்தனியாகக் கேளுங்கள். சோறும் குழம்பும் ஊற்றுத் தண்ணீரில் என்றால் குடிக்கும் கேனை மட்டும் அளந்து பயனில்லை. மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும். சோடியம் எவ்வளவு என்பதற்கு ஒரு லிட்டர் போத்தலில் எடுத்து ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒரு குடம் என்ன விலை, யார் சுமக்கிறார், எத்தனை நிமிடம் என்பதையும் எழுதுங்கள். பாதிச் சமநீதி அந்த மூன்று கட்டத்துக்குள் இருக்கிறது.

தரவைக் காப்பது, பிரித்துப் பார்ப்பது

பெயர், கைபேசி எண், வீட்டின் இருப்பிடப் புள்ளி மூன்றும் ஒரு கோப்பு. நோய் விவரம் வேறொரு கோப்பு. இரண்டையும் இணைப்பது ஓர் எண் மட்டும். நாற்பது வீட்டுக் குடியிருப்பில் 'காசநோய், பெண், 34 வயது' என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். ஐந்து பேருக்குக் குறைவாக வரும் அட்டவணைக் கட்டத்தை அறிக்கையில் அச்சிட வேண்டாம். களத்தில் கைபேசிச் செயலி இணையம் இல்லாமலும் இயங்க வேண்டும். தினமும் இரவு தரவை ஏற்றி, ஒருவர் உட்கார்ந்து பாருங்கள். ஒரே பணியாளரின் பி.பி. எண்கள் 120, 130, 140 என்று பூச்சியத்திலேயே முடிந்தால் அவர் கருவியைப் பார்க்காமல் எழுதுகிறார்.

பிரித்துப் பார்க்கும்போது நான்கு படி: எத்தனை பேருக்கு நோய், அதில் எத்தனை பேருக்குத் தெரியும், எத்தனை பேர் மருந்து சாப்பிடுகிறார்கள், எத்தனை பேருக்குக் கட்டுக்குள். சாலையோர ஊரும் கடைக்கோடி ஊரும் எந்தப் படியில் பிரிகின்றன என்று பாருங்கள். தெரியாமல் இருந்தால் பரிசோதனை போதவில்லை. தெரிந்தும் மருந்து இல்லையென்றால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கு வரும் நேரத்தில் ஆள் கடலில் இருக்கிறார். மருந்து வாங்கியும் கட்டுக்குள் இல்லையென்றால் கடலுக்குப் போகும் நாளில் மாத்திரையை வீட்டில் விட்டுப் போகிறார். சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை என்றால் வேண்டுமென்றே விட்டுப்போவார். இதை மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை மாற்றச் சொல்லாதீர்கள்.

வித்தியாசத்தையும் விகிதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். கற்பனைக்கு: சாலையோரத்தில் நூற்றுக்கு 60 பேர் மருந்து சாப்பிடுகிறார்கள், கடைக்கோடியில் 30. இரண்டு ஆண்டு கழித்து 80-உம் 45-உம் ஆகிறது. விகிதம் பாதியிலிருந்து 0.56 ஆகி முன்னேற்றம் காட்டும். இடைவெளியோ 30-இலிருந்து 35 ஆகிவிட்டது. முன்னதை மட்டும் எழுதினால் பாராட்டு விழா, பின்னதை மட்டும் எழுதினால் கண்டனக் கூட்டம். இரண்டும் ஒரே அட்டவணையில் இருக்கட்டும்.

திருப்பிக் கொடுப்பது

நிதியில் பத்தில் ஒரு பங்கை இதற்கென்று முதலிலேயே ஒதுக்காவிட்டால் கடைசியில் பணம் இருக்காது. ஒவ்வொருவருக்கும் அவருடைய அளவுகள் எழுதிய சீட்டு அன்றே போக வேண்டும். கடலுக்குப் போகிறவருக்கு அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். நான்கு வாரத்துக்குள் ஊர்க்கூட்டம்: ஆண்களுக்கு வலைக்கூடத்தில் ஒன்று, பெண்களுக்குத் தனியாக ஒன்று. புள்ளிவிவரப் படம் வேண்டாம். பத்துச் சங்கை வரிசையாக வைத்து, அதில் மூன்றைத் தனியே நகர்த்தினால் முப்பது சதவீதம் எல்லாருக்கும் புரியும். அதே கூட்டத்தில், அறிக்கை எந்த அதிகாரிக்கு எந்தத் தேதியில் போனது என்று கடிதப் படியைக் காட்டுங்கள்.

சுகாதாரத் துறைக்கு இரண்டு பக்கம் போதும். 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்ற வரி அதில் இருக்கக் கூடாது. எழுத வேண்டியது இப்படி: இந்த ஏழு குடியிருப்புகளில் தன்னார்வலர் வருகையைக் காலை பத்திலிருந்து மாலை ஆறுக்கு மாற்றவும், கடலுக்குப் போவோருக்கு ஒரு மாத மருந்துக்குப் பதில் இரண்டு மாத மருந்து தரவும். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளிக் கணக்கு ஐயாயிரம் பேர், மலைப்பகுதிக்கு மூவாயிரம். தீவுமுனைக் குடியிருப்புக்கு எந்தக் கணக்கைப் பின்பற்றுவது என்று கேட்க உங்கள் நிமிடக் கணக்கு உதவும், அதை இணையுங்கள்.

கிளம்பும் நாளில் பி.பி. கருவியில் ஒன்றைத் துணை சுகாதார நிலையத்தில் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். பெரிய கைப்பட்டையும் சேர்த்து. அங்கே பெரும்பாலும் இருக்காது. உப்புக்காற்றில் பேட்டரிப் பிடி பச்சை பிடிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைக்கச் சொல்லி, அந்த டப்பாவையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.